அவர்கள் எங்கே படுப்பார்கள்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் நான். பெங்களூரில் வேலை. வைகாசியில் நானும் இரண்டு நண்பர்களும் கும்பகோணம், தஞ்சாவூர் வருகிறோம். இரண்டு ராத்திரி தங்குவோம். தங்கைக்கு ஆவணியில் கும்பகோணத்தில் கல்யாணம், அதற்கு மண்டபம் பார்ப்பதும் ஒரு வேலை. அறை ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் நல்லது. இங்கே சனிக்கிழமை ராத்திரி என்றால் நேரில் பாட்டுக் கேட்க எங்காவது போய்விடுவோம். உங்கள் பக்கம் ஒன்பது மணிக்கே ஊர் அடங்கிவிடும் என்கிறார்கள். இசைக்குப் பேர்போன மண்ணில் ராத்திரி பாட்டுக் கேட்க ஓர் இடம் கூடவா இல்லை? கல்யாணத்துக்கும் நாகஸ்வரத்தை முகூர்த்தத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மாலை வரவேற்புக்குச் செண்டையும் பேண்டும் சொல்லலாம் என்று யோசனை. தங்கும் இடம், பாட்டு, இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

ஆர்., பெங்களூர்

அன்புள்ள ஆர்.,

லாட்ஜ் விசாரித்து வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கடைசி வரி. தங்கும் இடத்தையும் பாட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுவிட்டீர்கள். கொஞ்ச நாளாக என் மனசிலும் இந்த இரண்டும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

அறையை முதலில் முடித்துவிடுகிறேன். சனி, ஞாயிறு கும்பகோணத்தில் நவகிரகக் கோயில் சுற்றுகிறவர்கள் கூட்டம். முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம், மண்டபத்தில் இடம் போதாமல் லாட்ஜுகளையும் கல்யாண வீட்டார் பிடித்துவிடுவார்கள். நாட்காட்டியைப் பார்த்து, முகூர்த்தம் இல்லாத கிழமையாக வாருங்கள். தஞ்சாவூரில் ரயிலடியை ஒட்டியும் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியும் ஏசி இல்லாத அறைகள் நிறைய உண்டு. போனில் பேசி முடிக்காமல் நேரில் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள், ஜன்னலில் கொசுவலை இருக்கிறதா என்று பாருங்கள். செக் அவுட் 24 மணி நேரக் கணக்கா, பகல் பன்னிரண்டு மணியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி ஷட்டரை இறக்கிவிடுவார்கள், திரும்பி வர நேரமாகும் என்று வரவேற்பில் முன்னாலேயே சொல்லிவையுங்கள். அறை விஷயம் அவ்வளவுதான்.

திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனையை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்லுவார்கள். அது பெரும்பாலும் ஜனவரியில் வரும், புஷ்ய பகுள பஞ்சமியில். காவிரிக் கரைப் பந்தலில் காலையில் தொடங்கி ராத்திரி வரைக்கும் கச்சேரி, டிக்கெட் கிடையாது. தஞ்சாவூரில் தங்கினால் 13 கிலோமீட்டர், டவுன் பஸ் இருக்கிறது. அதற்கு இன்னொரு முறை வாருங்கள்.

இப்போது ஊர் அடங்கிவிடும் என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். யார் சொன்னது உங்களுக்கு? கடை அடைத்தால் ஊர் அடங்கிவிட்டது என்று அர்த்தமா? நீங்கள் வரும் அதே வைகாசியில், விசாகம் கழிந்த மூன்றாம் நாள் மூல நட்சத்திரம், திருஞானசம்பந்தர் குருபூஜை. அதையொட்டித் தஞ்சாவூரில் முத்துப் பல்லக்கு. ஊரிலுள்ள பல கோயில்களிலிருந்து பிள்ளையாரும் முருகனும் ஜோடித்த பல்லக்கில் ஏறி, கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என்று ராத்திரியில் சுற்றி வருவார்கள். முன்னால் நாகஸ்வரமும் தவிலும். சித்திரையில் வந்திருந்தால் திருவையாற்று ஏழூர்ப் பல்லக்கு. ஐயாறப்பர் புறப்பட்டுத் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று போய்த் திரும்புவார். மன்னார்குடியில் பங்குனி உற்சவம் மட்டும் 18 நாள். நேரில் பாட்டுக் கேட்க இடம் இல்லையாம்! உங்களுக்கு வேண்டியது மேசையும் நாற்காலியும் போட்ட இடம். எங்களிடம் இருப்பது தெரு. நடந்துகொண்டே கேட்க வேண்டும்.

சாமி வாசலைத் தாண்டும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கென்றே உள்ள வாசிப்பு. அதற்குச் சாகித்தியம் கிடையாது, ஸ்வரமும் தாளமும்தான். தெரு முனையில் பல்லக்கு நின்றால் ராக ஆலாபனை தொடங்கும். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. தோளில் தண்டு வைத்திருப்பவர்கள் தண்டை முட்டுக்கட்டையில் இறக்கிவிட்டு நிற்பார்கள், தவில் தனியாக ஒரு சுற்று வாசிக்கும். என் சிறுவயதில் பெண்பிள்ளைகளுக்கு ராத்திரி பத்து மணியைத் தெருவில் பார்க்க வேறு வழி இல்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பல்லக்குக்குப் பின்னால் நடந்த அந்த ராத்திரிகளில்தான் நான் பாட்டுக் கேட்கக் கற்றுக்கொண்டேன். தோடி என்று ஒரு ராகம் இருப்பதே தெரியாமல் தோடி கேட்டேன்.

நாகஸ்வரம் வெட்டவெளிக்கென்றே உண்டான வாத்தியம். ஆச்சா மரத்தில் கடைந்தது. நரசிங்கம்பேட்டையில் இன்றைக்கும் செய்கிறார்கள், 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்திரம், தூண் இவற்றில் ஈரம் முழுக்க வற்றிய மரமாகப் பார்த்து எடுப்பார்கள். நாலு வீதிக்கும் தானாகவே கேட்கும். அதன் முன்னால் மைக்கைக் கொண்டுபோய் நீட்டுகிறோம். அப்புறம் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று போலீஸ் வந்து சொன்னதும், மைக்கோடு சேர்த்து வாசிப்பையும் நிறுத்திவிடுகிறோம். மைக்கைத்தானே நிறுத்தச் சொன்னார்கள்?

சரி, இடித்த வீடு என்றதும் எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வருகிறது. குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். 1972 என்று நினைக்கிறேன், எனக்குப் பதினொரு வயது. பங்குனி உற்சவத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு செட் வந்திருந்தது. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், சுருதிக்கு ஒத்து, தாளம். விடிகிற நேரத்தில் சாமி கோயிலுக்குத் திரும்பியது. அதன் பிறகு ஆறு பேரும் எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். பாய் போட்டிருந்தது.

மூத்த தவில் வித்வான் மட்டும் படுக்கவில்லை. தூணில் சாய்ந்துகொண்டு வலது கையை மடியில் வைத்திருந்தார். தவிலின் வலந்தலையை, அதாவது வலப்பக்கத்துத் தோலை, வெறும் விரலால் வாசிக்க முடியாது. துணியைக் கிழித்து, பசையில் தோய்த்து, விரல் விரலாகச் சுற்றிக் காயவைத்த கூடு போட்டிருப்பார்கள். காய்ந்தால் கல் மாதிரி இருக்கும். அவர் அதை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றிப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். உள்ளே இருந்த விரல்கள் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினாற்போல வெளுத்திருந்தன. கட்டைவிரல் நகத்துக்குக் கீழே தோல் பிளந்திருந்தது. "பாப்பா, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்றார். பாட்டியிடம் கேட்டு வாங்கி வந்தேன். சொம்பை அவர் கையில் கொடுக்காதே, நீயே ஊற்று என்று பாட்டி சொல்லி அனுப்பியிருந்தாள். ஊற்றினேன். விரல்களை ஒரு முறை விரித்து மடக்கினார். அப்போதுதான் அவர் முகம் இளகியது.

திண்ணையை நினைத்து உருகிப் பேசுகிறவர்களிடம் இந்தச் சொம்பையும் சொல்வேன். சாமிக்கு முன்னால் நடந்தவரை நாங்கள் வாசற்படிக்கு உள்ளே கூப்பிடவில்லை. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்துக்கொண்டு, கோட்டுப் போட்டு, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றாரே, அவர் சண்டை போட்டது இந்தச் சொம்போடுதான். 1956இல் அவர் போய்விட்டார். சொம்பு அதற்குப் பிறகும் வெகுநாள் இருந்தது. ஆனாலும் படுக்க ஓர் இடம், குடிக்க மோர், மறுநாள் சாப்பாடு, இவை ஊரின் பொறுப்பு என்று ஒரு கணக்கு அன்று இருந்தது. ராமேஸ்வரம் போகும் வழி நெடுகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டி வைத்தார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தைப் போய்ப் பாருங்கள், இரண்டாம் சரபோஜி தன் மனதுக்கு இனியவளின் பெயரில் கட்டியது. வழிப்போக்கனுக்குக் கூரையும் சோறும் கொடுப்பது அரசு வேலையாக இருந்த ஊர் இது. கும்பகோணத்திலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் பலகையில் இருக்கும் ஊர்ப்பெயரைப் படியுங்கள். நாச்சியார்கோயில், வலங்கைமான், நீடாமங்கலம், திருவீழிமிழலை, செம்பொன்னார்கோயில். ஒவ்வொன்றும் ஒரு நாகஸ்வர வித்வானின் பெயருக்கோ தவில் வித்வானின் பெயருக்கோ முன்னால் நின்ற பெயர். இத்தனை பேர் ராத்திரி முழுக்க ஊர் ஊராக நடந்து வாசித்தார்கள் என்றால், அத்தனை ஊரிலும் விடியற்காலையில் அவர்கள் தலை சாய்க்க ஓர் இடம் இருந்திருக்கிறது.

அந்த இடம் இப்போது எங்கே என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெண்ணின் கல்யாணம் 2004இல் நடந்தது. பெரிய மண்டபம், பெயர் வேண்டாம். பன்னிரண்டு அறை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஆறு, எங்களுக்கு ஐந்து, வீடியோ எடுப்பவர்களுக்கு அவர்கள் சாமான் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஏசியோடு ஒன்று. நாகஸ்வர செட் எங்கே தங்கும் என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பது நிஜம். "அவங்க டைனிங் ஹால்ல அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்கம்மா" என்றார் மேனேஜர். எனக்கும் ஆயிரம் வேலை, சரி என்றுவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குத் தாம்பாளம் எடுக்கக் கீழே இறங்கினேன். பந்தி முடிந்து ஹாலைக் கழுவி விட்டிருந்தார்கள். தரை முழுக்க ஈரம். தவில் இரண்டையும் உறையோடு சாப்பாட்டு மேசையின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, ஐந்து பேர் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், நாகஸ்வரத்தில் வைத்து ஊதும் சீவாளிகளைக் கோத்த கயிற்றைச் சட்டைப் பைக்குள் விட்டுப் பையைக் கையால் பொத்தியிருந்தார். நான் எழுப்பவில்லை. எழுப்பி எந்த அறைக்குக் கூட்டிப்போவேன்? தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். நாலரை மணிக்குப் பூபாளம் கேட்டது. ஒரு ஸ்வரம் பிசகவில்லை. அன்றைக்கு வந்த நூற்றுக்கணக்கான பேரில், ராத்திரி தூங்கினீர்களா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

இருபது வருஷமாக இதை எழுத நினைத்து எழுதாமல் இருந்தேன். உங்கள் கடிதத்தில் "முகூர்த்தத்துக்கு மட்டும்" என்று படித்ததும் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் பாதி என் மேல்.

செண்டையை நான் குறை சொல்லமாட்டேன். திருச்சூர்ப் பக்கம் அது கோயிலோடு பிறந்து வளர்ந்த பெரிய கலை, அதற்கு அங்கே மரியாதை இருக்கிறது. ஆனால் நரசிங்கம்பேட்டை பக்கத்தில் இருக்கும் கும்பகோணத்தில், வரவேற்புக்கு அதை வரவழைத்து, நாகஸ்வரத்தைத் தாலி கட்டும் கால்மணிக்கு ஒதுக்குவது என்ன ரசனை தம்பி? நாகஸ்வரத்தைப் போட்டால் பழசாகத் தெரியும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பெங்களூரில் சனிக்கிழமை தோறும் காசு கொடுத்து நேரில் பாட்டுக் கேட்கிறவர் நீங்கள். உங்கள் தங்கை கல்யாணத்து மாலையில் இரண்டு மணி நேரம் ஒரு நல்ல செட்டை மேடை போட்டு உட்காரவைத்து, மைக் இல்லாமல், சாப்பாட்டுக்கு யாரையும் விரட்டாமல் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பேண்டு வேண்டுமென்றால் அது முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மண்டபம் பார்க்கப் போகும்போது பார்க்கிங், ஜெனரேட்டர் எல்லாம் கேட்பீர்கள். கூடவே, நாகஸ்வர செட்டுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை வேண்டும் என்று சொல்லுங்கள். மின்விசிறி ஓட வேண்டும், உள்ளேயே குளியலறையும் வெந்நீரும் இருக்க வேண்டும், ஐந்து பேருக்கு ஐந்து மெத்தை. டைனிங் ஹால் இருக்கிறதே என்பார்கள். கூடாது என்று சொல்லுங்கள். எங்களுக்கு எதுக்குத் தம்பி அறை என்று அவர்களே சொல்வார்கள், அதையும் கேட்காதீர்கள். முதல் நாள் மாலை அவர்கள் வந்து இறங்கியதும் சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

மூலத்தன்று ராத்திரி நானும் தஞ்சாவூரில் இருப்பேன். முழங்கால் வலி, பல்லக்கோடு நாலு வீதியும் நடக்க முடியாது. கீழவீதியும் தெற்குவீதியும் சேரும் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். வந்து பாருங்கள். மண்டபத்தில் அந்த அறைக்கு ஒப்புக்கொண்டார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.