மூடுபனிக்கு வலை விரித்தவர்கள்: வாசகர் கேள்வி பதில்

சிலி நாட்டுப் பாலைவனத்தில் மூடுபனியை வலை போட்டுப் பிடித்துக் குடிநீர் எடுக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பார்த்தால் நம்ம ஷேட் நெட் மாதிரி இருக்கிறது. உண்மையா, உருட்டா?
– சாத்தூர் வாசகி

உண்மைதான். நீங்கள் பார்த்தது ஷேட் நெட்டேதான், நர்சரியில் வெயிலுக்குக் கட்டுகிற ரகம். ராஷெல் வலை என்பார்கள். வடக்கு சிலியின் அட்டகாமா, உலகத்திலேயே மழை மிகக் குறைந்த இடங்களில் ஒன்று. ஆனால் பக்கத்திலேயே பசிபிக் கடல் கிடக்கிறது, அதில் ஹம்போல்ட் என்கிற குளிர் நீரோட்டம் ஓடுவதால் கடலுக்கு மேலே உள்ள காற்று குளிர்ந்து தாழ்வான மேகமாகத் திரள்கிறது, அதற்கும் மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பதால் அந்த மேகத்துக்கு உயர எழும்பி மழையாகப் பெய்ய வழியில்லை. கடல்காற்று தள்ள, மேகம் நேராகக் கரையோர மலையில் வந்து முட்டும். கீழே இருந்து பார்த்தால் மேகம், மலைமேல் நிற்பவருக்கு மூடுபனி. கமன்சாகா என்பது உள்ளூர்ப் பெயர்.

இதைப் பிடிக்கலாம் என்று அந்தோஃபகஸ்தா நகரத்து இயற்பியல் பேராசிரியர் கார்லோஸ் எஸ்பினோசா அறுபது வருஷத்துக்கு முன்பே கருவி செய்து பார்த்தார். காப்புரிமையை யுனெஸ்கோவுக்கு இனாமாகவே கொடுத்துவிட்டார், இந்தக் காலத்தில் யார் கொடுப்பார்கள்!

ஒரு ஊருக்குக் காணும் அளவுக்குத் தண்ணீர் வருமா?
– கோவில்பட்டி வாசகர்

வந்திருக்கிறது. சுங்குங்கோ என்று ஒரு மீனவ கிராமம், 300 பேர் சொச்சம். லாரித் தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு, அதுவும் வந்தால் வந்தது. 1987-இல் சிலியின் பல்கலைக்கழக ஆட்களும் வனத்துறையும் கனடா நாட்டு உதவிப் பணத்தோடு ஊருக்கு மேலே இருந்த எல் டோஃபோ மலையில் வலை கட்ட ஆரம்பித்தார்கள். அங்கே பழைய இரும்புச் சுரங்கம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. வலை ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம், இரண்டு மடிப்பாக. பனித்துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும், கையில் பிடிபடாது. காற்று வலையை ஊடுருவிப் போகும்போது துளிகள் இழையில் ஒட்டி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து கனத்து, சொட்டுச் சொட்டாக இறங்கி அடியில் உள்ள வாய்க்காலில் விழும். அங்கிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து ஊருக்குக் குழாய். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது.

ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 3 லிட்டர் என்பது சராசரிக் கணக்கு. பனி இல்லாத நாளில் ஒரு சொட்டும் வராது, அதனால்தான் தொட்டி முக்கியம். 1992-இல் ஊருக்குத் தண்ணீர் இறங்கியது, சுமார் நூறு வலைகளிலிருந்து தினமும் 15,000 லிட்டர். லாரி காலத்தில் ஆளுக்கு 14 லிட்டர் கிடைத்தது, 33 ஆனது. தோட்டம் போட்டார்கள்.

அந்த ஊரில் இப்போதும் அந்தத் தண்ணீர்தானா?
– அருப்புக்கோட்டை வாசகி

இல்லை. பத்து வருஷத்தில் மறுபடி லாரி வந்துவிட்டது. இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற இடம் இதுதான், வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. தண்ணீர் வந்ததும் வெளியூரில் இருந்தவர்கள் திரும்பினார்கள், கோடைக்கு வந்து தங்குகிறவர்கள் வீடு கட்டினார்கள், ஊர் ஏறக்குறைய இரட்டிப்பானது, இருந்த வலை போதவில்லை. இன்னும் நாலு வலை கட்டுவோம் என்று ஊர் கேட்கவில்லை, டவுனில் இருக்கிற மாதிரி குழாய் வேண்டும் என்று கேட்டது. அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை, பனித் தண்ணீரை யார்தான் சாசுவதம் என்று நம்புவார்கள்? ஆனால் அந்த நேரத்தில் மலைமேல் காற்று வலையைக் கிழித்துக்கொண்டிருந்தது. தைக்க ஆள் போகவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் வேலை முடிந்தது என்று எப்போதோ கிளம்பியிருந்தார்கள். மலையேறிப் போய்க் கிழிசல் தைக்கிற ஆளுக்கு மாதச் சம்பளம் யார் கொடுப்பது என்பதைத் திட்டம் போடும்போதே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆராய்ச்சி நிற்கவில்லை. இக்கிகே நகருக்குத் தெற்கே ஆல்டோ படாச்சே என்ற இடத்தில் சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1997-லிருந்து பனியை அளந்து வருகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அவர்களோடு சேர்ந்து, வலை இழையின் தடிமன், கண் அகலம், மேற்பூச்சு எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து, பழைய வலையைவிட ஐந்து மடங்கு நீர் பிடிக்கலாம் என்று 2013-இல் காட்டினார்கள். மொராக்கோவில் ரப்பர் வைத்து வலையைக் கட்டுகிறார்கள், காற்றுக்கு நெளிந்து கொடுக்கும், லேசில் கிழியாது.

ராமநாதபுரம் கடலோரத்தில் கட்டலாமா?
– பரமக்குடி வாசகர்

வேண்டாம். அங்கே குளிர் நீரோட்டமும் இல்லை, மேகம் முட்ட மலையும் இல்லை. வலை காயும், அவ்வளவுதான். கொடைக்கானல் மாதிரி இடத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வேண்டுமானால் பரிசோதிக்கலாம், செலவும் அதிகமில்லை: ஒரு சதுர மீட்டர் வலை, தரையிலிருந்து 2 மீட்டர் உயரம், அடியில் தகர வாய்க்கால், ஒரு கேன். உலகம் முழுக்க இந்த அளவில்தான் சோதிக்கிறார்கள். மழைத் தண்ணீரைத் தனியாக அளந்து கழித்துவிட்டு, ஒரு வருஷம் விடாமல் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.