வயோலாவும் வள்ளி கும்மியும்

வணக்கமுங்க சார்,

கோபி பக்கம் இருக்கோம். கூட்டுறவு பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆகி நாலு வருசம் ஆச்சு, ரெண்டு ஏக்கர் மஞ்சள் போட்டிருக்கேன். மக அமெரிக்காவுல ஒஹையோ பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருக்கா, ஐடி வேலை. இங்க ஒம்பது வருசம் கர்நாடக வயலின் கத்துக்க வெச்சோம், இப்ப அதை வுட்டுப்போட்டு அந்த ஊர் ஜனங்களே சேர்ந்து நடத்தற ஒரு கம்யூனிட்டி ஆர்கெஸ்ட்ராவுல, வயலின் மாதிரியே இருக்கற வயோலா வாசிக்கறா. செவ்வாக்கிழமை ஆனா ராத்திரி ஏழு மணிக்கு பிராக்டிஸ், மாப்பிள்ளைதான் குழந்தையைப் பாத்துக்கறாரு. சம்பளம் கிடையாது, இவளே வருசா வருசம் சந்தா கட்டறா. நீ வாசிக்கறது தனியா எங்கயாச்சும் கேக்குமாம்மான்னு கேட்டா, தனியா கேட்டா தப்புப்பாங்கறா.

வர்ற சீசனுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கா. அக்டோபர்ல த்வோர்ஷாக்குன்னு ஒருத்தரோட 'நியூ வேர்ல்ட்' சிம்பொனி, டிசம்பர்ல கிறிஸ்துமஸ் பாட்டு, பிப்ரவரில ஒரு ஸ்கூல் பையன் பியானோ, மே மாசம் பீத்தோவன் அஞ்சாவது சிம்பொனி. அக்டோபர்ல கிளம்பி வாங்கன்னு ஒரே புடியா நிக்கறா. இளையராஜா லண்டன்ல சிம்பொனி வாசிக்க வெச்சதை டிவில பாத்தோம், அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வூட்ல வேற வள்ளி கும்மி பழகிட்டிருக்காங்க, தை மாசம் அரங்கேற்றம். காசும் வராம பேரும் வராம எதுக்குங்க சார் இது? நாங்க போறதா வேண்டாமா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

*

வணக்கமுங்கண்ணா,

கோவிச்சுக்காதீங்க, உங்க லெட்டரைப் படிச்சுட்டு சிரிச்சுட்டேன். காசும் வராம பேரும் வராம எதுக்குன்னு கேக்கறீங்க, அதுக்கு முந்தின வரியிலயே வூட்ல வள்ளி கும்மி பழகறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு யாருங்ண்ணா சம்பளம் தர்றாங்க? ஒரே கலர்ல சேலை எடுக்கறது அவங்கவங்க காசு, வாத்தியாருக்குக் குடுக்கறது அவங்கவங்க காசு, பகலெல்லாம் வேலை பாத்துட்டு வந்து ராத்திரிக்கு சோறாக்கி வெச்சுட்டு கோயில் திடல்ல ட்யூப்லைட் வெளிச்சத்துல மாசக்கணக்குல அடி வெச்சுப் பழகறாங்க, கடைசில அரங்கேற்றத்தன்னிக்கு நூறு பேருக்கு நடுவுல அக்கா எங்க நிக்கறாங்கன்னு நீங்க போன்ல ஜூம் பண்ணித்தான் கண்டுபுடிக்கப் போறீங்க. தப்படி வெச்சாத்தான் அங்க ஆள் தனியா தெரியும். உங்க மக சொன்னதும் இதேதானே. (ஆம்பளைங்க ஆடிட்டிருந்த கும்மியைப் பொம்பளைங்களுக்கும் பழக்கிவிட்ட நம்ம மேட்டுப்பாளையம் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, அந்த சேதி வந்தன்னிக்கு நான் பஸ்ல பக்கத்துல இருந்தவருக்கெல்லாம் சொன்னேன்.)

நானும் ஒருக்கா சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருந்தப்ப இந்த மாதிரி ஒரு ஊர் ஆர்கெஸ்ட்ராவோட பிராக்டிஸ் பாத்திருக்கேன். ஸ்கூல் ஹால், மூலைல கோட்டெல்லாம் குவிச்சுப் போட்டிருக்கு, மடக்கற ஸ்டேண்டு, ஒவ்வொரு ஸ்டேண்டுலயும் ஒரு பென்சில். பல் டாக்டரு, கணக்கு டீச்சரு, ரிட்டையர் ஆன போஸ்ட்மேன், காலேஜ் புள்ளைங்கன்னு கலந்து உக்காந்திருந்தாங்க. வயலின், வயோலா எல்லாம் ரெண்டு பேருக்கு ஒரு ஸ்டேண்டு, பக்கம் முடியற எடத்துல உள்பக்கம் இருக்கறவங்க வாசிக்கறதை நிறுத்திட்டுத் திருப்புவாங்க, வெளிப்பக்கம் இருக்கறவங்க விடாம வாசிப்பாங்க, பாட்டு அறாது. ஹார்ன் வாசிக்கறவரு சந்து கிடைச்சப்பல்லாம் குழாயைக் கழட்டி உள்ள சேர்ந்த தண்ணியைக் கீழ கொட்டிட்டிருந்தாரு, நான் முதல்ல ரிப்பேருன்னு நெனச்சுட்டேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஓபோங்கற குழல்காரரு ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டுவாரு, மொத்தப் பேரும் அதுக்கு சுருதி சேத்துக்குவாங்க, நம்ம தம்புரா மாதிரின்னு வெச்சுக்குங்க, என்ன, கச்சேரி ஆரம்பிச்சதும் அது நின்னு போயிரும்.

அன்னிக்கு முன்னாடி நின்னு கை ஆட்டி எல்லாரையும் வாசிக்க வெக்கற கண்டக்டரு ஒரு எடத்துல நிறுத்தி, வயோலா மட்டும் வாசிங்கன்னாரு. டக டக டகன்னு ஒரே ஸ்வரத்தைத் தட்டற மாதிரி இருந்துச்சு, இதுக்கா ஏழு பேரு கார் எடுத்துட்டு வந்தாங்கன்னு தோணுச்சு. அப்புறம் வயோலா இல்லாம மத்தவங்களை அதே எடத்தை வாசிக்கச் சொன்னாரு. மேல வயலின் கேக்குது, அடியில செல்லோன்னு பெரிய வயலின் மாதிரி ஒண்ணு கேக்குது, நடுவுல கொழகொழன்னு ஒரு பள்ளம். சீரகமும் பூண்டும் போடாம அரிசிம்பருப்பு வெச்ச மாதிரி, எல்லாம் இருக்கு ஆனா அது இல்லை. மறுபடி எல்லாரும் சேர்ந்து வாசிச்சப்ப நான் வயோலாவைத் தேடல, ஆனா இருக்குன்னு தெரிஞ்சுது.

ஒம்பது வருசம் வீணாப் போச்சேன்னு வருத்தம் வேண்டாங்ண்ணா. நம்ம ஊருக்கு வயலின் வந்ததே அந்தப் பக்கமிருந்துதான், முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதரு மெட்ராஸ்ல வெள்ளைக்காரர்கிட்டக் கத்துக்கிட்டு கர்நாடக சங்கீதத்துக்குள்ள கொண்டு வந்தாரு. காலை மடக்கி உக்காந்து குதிகால்ல முட்டுக் குடுத்து வாசிச்ச புள்ளை சேர்ல நிமிந்து உக்காந்து தாடைக்கடியில புடிச்சு, வயோலாவுக்குன்னே இருக்கற தனி கிளெஃப்ல (எந்தக் கோட்டுல எந்த ஸ்வரம்னு சொல்ற குறி) நோட்டேஷனும் படிக்கறான்னா, முப்பது வயசுக்கு மேல புதுசா எழுத்துக்கூட்டிப் படிச்ச மாதிரி. வயலினைக் காட்டியும் கொஞ்சம் பெருசு, அஞ்சு ஸ்வரம் கீழ. வயலின் வாசிக்க எங்கயும் ஆளு வரிசைல நிப்பாங்க, வயோலாவுக்குத்தான் ஊர் ஆர்கெஸ்ட்ராவுல ஆள் தேடுவாங்க. கேட்டுப் பாருங்க, அப்படித்தான் இவளும் மாறியிருப்பா.

அந்த த்வோர்ஷாக்கும் வயோலாக்காரருதான் தெரியுங்களா. கசாப்புக் கடைக்காரர் மகன், பிராக்ல ஒரு நாடகக் கொட்டாயி ஆர்கெஸ்ட்ராவுல 1862ல இருந்து ஒம்பது வருசம் நடுவுல உக்காந்து வயோலா வாசிச்சாரு, அப்ப அவரைத் தனியா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அப்புறம் அமெரிக்கா போயி எழுதினதுதான் நியூ வேர்ல்ட், 1893 டிசம்பர்ல நியூயார்க் கார்னகி ஹால்ல முதல்ல வாசிச்சாங்க. முக்கால் மணி நேரம் ஓடற அந்த சிம்பொனில பெரிய ஜால்ராவுக்கு ஒரே ஒரு தட்டுதான், அதுவும் கடைசி பாகத்துல. அந்த ஒரு தட்டு தட்டறவரும் உங்க மக கட்டற அதே சந்தாதான் கட்டியிருப்பாரு.

சந்தா எதுக்குன்னா ஹால் வாடகை இருக்கு, பெரும்பாலான எடத்துல கண்டக்டருக்கு மட்டும் சம்பளம் இருக்கு, புது பாட்டுன்னா நோட்டுக்கே வாடகை குடுக்கணும். பீத்தோவனுக்கு அது தேவையில்லை, காப்பிரைட் போயி காலமாச்சு. டிக்கெட் வித்து இதெல்லாம் கட்டுப்படியாகாது, அதனால நன்கொடை, கேக் வித்து காசு சேக்கறதுன்னு நம்ம கோயில் கமிட்டி பண்ற வேலையெல்லாம் அவங்களும் பண்ணுவாங்க. கோயமுத்தூர்ல இப்படி ஒண்ணு ஏன் இல்லைன்னு சிலர் கேப்பாங்க, வயலினுக்கு நம்மகிட்ட ஆள் இருக்கு, ஓபோ, பஸூன் மாதிரி குழலுக்கெல்லாம் ஆளுக்கு எங்க போறது, மும்பைல 2006ல சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா ஆரம்பிச்சப்பவே வெளிநாட்டுல இருந்து நெறைய பேரை வரவழைச்சுத்தான் வாசிச்சாங்க.

கை தட்டற விஷயம் ஒண்ணு சொல்லிப்போடறேன். சிம்பொனின்னா வழக்கமா நாலு பாகம், நடுவுல நிறுத்துவாங்க, அப்பத் தட்டக்கூடாது. நான் முதல் கச்சேரில முதல் பாகம் முடிஞ்சதும் பலமாத் தட்டிட்டேன், அந்த ஹால்லயே நான் ஒருத்தன்தான், முன் சீட்டு பாப்பா ஒண்ணு திரும்பிப் பாத்துச்சு. அவமானமாப் போச்சு. அப்புறம் படிச்சுப் பாத்தா 1778ல மொசார்ட் பாரிஸ்ல இருந்து அப்பாவுக்கு எழுதின லெட்டர்ல, பாட்டு ஓடிட்டிருக்கறப்பவே ஜனங்க கை தட்டினாங்கன்னு சந்தோசமா எழுதியிருக்காரு, முடிஞ்ச கையோட போயி ஐஸும் சாப்புட்டிருக்காரு. அப்ப நான் பண்ணுனது பழைய வழக்கம்தான். நீங்க பண்ண வேண்டாம், பக்கத்துல இருக்கறவங்க தட்டினா தட்டுங்க.

சரி, போறதா வேண்டாமான்னா, போங்க, ஆனா அக்டோபர்ல வேண்டாம். அப்பப் போனா அடுத்த மாசமே குளிரு புடிச்சு வூட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடப்பீங்க, இங்க பாரியூர் கோயில் குண்டம், அதான் தீ மிதி, போயிரும், தைல அக்கா அரங்கேற்றம் போயிரும், மஞ்சள் வெட்டி வேகவெக்க யாரு இருக்கா? எல்லாம் முடிச்சு, பங்குனில பண்ணாரி குண்டமும் பாத்துட்டு, ஏப்ரல்ல ஏறுங்க. மே மாசம் பீத்தோவன். முதல்ல வர்ற ட ட ட டாங் உங்களுக்கே தெரியும், விளம்பரத்துல கேக்காத ஆளே கிடையாது. 1808ல வியன்னால கடுங்குளிர்ல இது முதமுதலா வாசிச்ச கச்சேரி நாலு மணி நேரம் போச்சு, ஒத்திகை பத்தாம அன்னிக்கு வேற ஒரு பாட்டு நடுவுல நின்னே போயி மறுபடி வாசிச்சாங்க, அதனால உங்க மக ஊர்ல எங்கயாச்சும் தடுமாறினாலும் ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.

நான் மே மாசம்னு சொல்றது அந்த சிம்பொனியோட ரெண்டாவது பாகத்துக்காகத்தான். முதல் பாகம் அத்தனை ஆர்ப்பாட்டமா முடியும், தட்டாதீங்க, கொஞ்சம் நிசப்தம், சில பேரு இருமுவாங்க, அப்புறம் வயலின்காரங்க வில்லை மடியில வெச்சுட்டு சும்மா உக்காந்திருப்பாங்க. பாட்டை ஆரம்பிக்கறது வயோலாவும் செல்லோவும்தான், ரெண்டும் ஒரே மெட்டை சேர்ந்து வாசிக்கும், அடியில செல்லோவை விடப் பெருசான டபுள் பாஸ் மட்டும் விரல்ல சுண்டும். ஒரு பதினஞ்சு செகண்டு இருக்கும், அவ்வளவுதான், அப்புறம் குழலெல்லாம் வந்துரும்.

வயோலா வரிசை ஸ்டேஜ்ல எந்தப் பக்கம்னு மககிட்ட முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க, அந்தப் பக்கமா சீட்டு போடச் சொல்லுங்க. அக்கா பக்கத்துல உக்காந்தா அடி எண்ண ஆரம்பிச்சுருவாங்க, எண்ணட்டும்.