வலியில் எடுத்த ரத்தம்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

இங்கிலாந்தில் வசிக்கிறோம். என் மகளிடம் 18 வயது மட்டக்குதிரை ஒன்று இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் அதற்குக் கடுமையான வயிற்றுவலி வந்து, டிரெய்லரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இறங்கியதுமே ரத்தம் எடுத்தார்கள். ஏசிடிஎச் மிக அதிகம், தைராய்டு குறைவு என்று வந்தது. குஷிங் நோயாக இருக்கலாம், ஆயுள் முழுக்க மாத்திரை தேவைப்படலாம் என்கிறார்கள். வயிற்றுவலி சரியாகி வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

ர.

அன்புள்ள ர.,

நன்றாகத் தின்கிறதா, சாணம் ஒழுங்காகப் போடுகிறதா? அதைத்தான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. அந்த வலியிலிருந்து பிழைத்து வந்ததே பெரிய விஷயம்.

ஏசிடிஎச் ஒரு ஹார்மோன், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவது. வலியோ பயமோ வந்தால் சுரப்பியின் முன்பகுதி அதை ரத்தத்தில் கொட்டும். அது அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் ஏறும். உயிர் பிழைப்பதற்கான ஏற்பாடு அது. குஷிங் நோயில் கோளாறு நடுப்பகுதியில். அதை அடக்கிவைக்கும் டோபமின் நரம்புகள் வயதாக ஆகச் சிதைந்துபோக, நடுப்பகுதி பெருத்து ஏசிடிஎச்சை அதிகமாகச் சுரக்கிறது. ஆய்வகம் தருவது ஒரே எண்தான். எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று அந்த எண் சொல்லாது.

உங்கள் குதிரைக்கு அன்று வலியும் பயணமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அப்புறம் செப்டம்பர் மாதம் வேறு. பகல் குறையும் அந்தப் பருவத்தில் நோயில்லாத குதிரைக்கும் இந்த அளவு ஏறும். அதனால்தான் ஆய்வகங்கள் பருவத்துக்கேற்ற அளவுகோல் வைத்திருக்கின்றன. பயணத்தால் ஏறியது அரைமணி நேர ஓய்வில் பெரும்பாலும் இறங்கிவிடும். கடும் நோயால் ஏறியதற்கு நோய் தீர வேண்டும். அவசரத்தில் ரத்தம் எடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆயுள் முழுக்கக் கொடுக்கப்போகும் மாத்திரையை அந்த ஒரு எண்ணை வைத்து முடிவுசெய்யக் கூடாது. சில வாரங்கள் போகட்டும். தன் லாயத்திலேயே அமைதியாக நிற்கும்போது மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயிற்றுவலியில் புரண்ட குதிரை ஒன்றின் ரத்தச் சர்க்கரையைப் பார்த்து நீரிழிவு என்றே நம்பினேன். வலி போன பிறகு சர்க்கரை தானாக இறங்கியது.

தைராய்டுக்காக எதுவும் தொடங்க வேண்டாம். பட்டினி, நோய், ஃபீனைல்பியூட்டசோன் போன்ற வலிமருந்து எல்லாமே அந்த அளவைக் குறைக்கும். வளர்ந்த குதிரைக்கு உண்மையான தைராய்டு குறைபாடு வருவது மிக அரிது.

அதற்காக நோயே இல்லை என்று நான் சொல்லவில்லை. 15 வயதைத் தாண்டிய குதிரைகளுக்கு குஷிங் சகஜம். பெர்கோலைடு மாத்திரையோடு பல வருடம் நன்றாக வாழ்கின்றன. குளம்பு மட்டும் காத்திருக்காது, இந்த நோயில் குளம்புக்குள் அழற்சி வரலாம். குளம்பு சூடாக இருந்தாலோ, முன்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி நின்றாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இன்சுலினையும் பார்க்கச் சொல்லுங்கள், அதையும் உடம்பு தேறிய பிறகுதான்.

குஷிங்கின் அறிகுறிகள் இருக்கின்றனவா என்று மகளிடம் கேட்டு எழுதுங்கள். இந்தக் கோடையில் அதன் குளிர்கால ரோமம் முழுதாக உதிர்ந்ததா? முதுகுச் சதை வற்றியிருக்கிறதா? தண்ணீர் முன்னைவிட அதிகம் குடிக்கிறதா? தினமும் தேய்த்துவிடுகிறவளுக்குத்தான் அதெல்லாம் தெரியும்.