கேள்வி–பதில்: ஒரே கேசட்டில் தங்கிப்போன ஆல்பம்

கேள்வி: இரண்டு கிட்டார், ஒரு குரல் மட்டுமே கொண்ட சிறிய அக்கூஸ்டிக் குழு சொந்தமாக வெளியிட்ட கேசட் என்னிடம் இருக்கிறது. சிடியாகவோ ஸ்ட்ரீமிங்கிலோ இந்த ஆல்பம் வந்ததே இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: டெக்கில் (கேசட்டை ஓட்டும் கருவியில்) போடுவதற்கு முன் கேசட்டின் திறந்த பக்கத்தைப் பாருங்கள். நடுவில் நாடாவை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய பட்டை இருக்கும். பழைய கேசட்டுகளில் அதன் பசை காய்ந்து பட்டை கழன்றுவிடுகிறது. அப்படியே ஓட்டினால் ஒலி ஏறி இறங்கும், தந்தியின் கூர்மை காணாமல் போகும். நாடாதான் கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இந்த நிலையில்தான். வேண்டாத கேசட் ஒன்றிலிருந்து பட்டையை எடுத்துப் பொருத்தலாம். கூடு திருகு போட்டதாக இருந்தால் வேலை எளிது. ஒட்டிய கூடாக இருந்தால் கவனமாகப் பிளந்து, நாடாச் சுருள்களைத் திருகு போட்ட கூட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஹெட்டையும், நாடாவை ஓட்டும் கேப்ஸ்டன் தண்டையும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். நாடாவைத் தண்டோடு அழுத்தும் பிஞ்ச் ரோலர் ரப்பர் என்பதால் அதற்குச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியே போதும். பிறகு நாடாவைக் கடைசிவரை ஒருமுறை முன்னே ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த சுருளின் இறுக்கம் சீராகும்.

இனி ஆசிமத், அதாவது நாடாவின் மீது ஹெட் நிற்கும் சாய்வு. பெரும்பாலோர் தாண்டிப்போகும் இடம் இதுதான், ஆனால் ஒலி தெளிவதும் இங்கேதான். சிறு குழுக்கள் வீட்டு டெக்கில் பிரதி எடுத்திருப்பார்கள். அந்த டெக்கின் ஹெட் சாய்வும் உங்களுடையதும் ஒன்றாக இருக்காது. சாய்வு பொருந்தாவிட்டால் உச்ச அதிர்வெண்கள் அடிபடும். ஒலியை மோனோவுக்கு மாற்றிக்கொண்டு, ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சிறு திருகை மிக மெதுவாக, கால் சுற்றுக்குள்ளேயே திருப்புங்கள். தந்தி மீட்டும் சத்தம் எங்கே அதிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். மோனோவில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாய்வு தவறினால் இரண்டு சேனல்களுக்கும் நடுவே நேர வித்தியாசம் வந்து, உச்ச ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்டீரியோவில் காதுக்குத் தப்பிவிடும் அந்தப் பிழை மோனோவில் உடனே தெரியும். திருகின் பழைய நிலையை மார்க்கரால் குறித்துவைக்க மறக்க வேண்டாம். காந்தமேறிய ஸ்க்ரூ டிரைவர் ஆகாது. இரண்டாம் பக்கத்துக்கு மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

அட்டையில் டால்பி பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) என்று அச்சிட்டிருந்தால் மட்டும் அந்தப் பொத்தானைப் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் போடாமல் பதியுங்கள். ஆசிமத் சரியில்லாமல் டால்பியைப் போட்டால் ஏற்கெனவே குறைந்த உச்ச ஒலி இன்னும் குறையும்.

பதிவுக்கு லைன் அவுட்டைப் பயன்படுத்துங்கள், ஹெட்போன் துளை வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். மிகச் சத்தமான இடம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் அளவை வையுங்கள். கம்ப்யூட்டர் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் ஒரே கோப்பாக எடுங்கள். 30 நிமிடப் பக்கம் வேவ் கோப்பாக 520 எம்பி அளவுக்கு வரும். ஃப்ளாக் ஆக்கினால் தரம் குறையாமல் இடம் மிச்சம். எம்பி3 மட்டும் வைத்துக்கொள்வது சேமிப்பே அல்ல.

கேள்வி: இதே போன்ற ஆல்பத்தோடு சேர்ந்து வாசிக்க முயல்கிறேன். எந்தச் சுரத்திலும் கிட்டார் ஒட்டவில்லை. அவர்கள் தந்தியை இறக்கி வாசித்தார்களா, நாடா மெதுவாக ஓடுகிறதா?

பதில்: முதலில் வேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நாடாவின் சரியான வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. அதில் 1 சதவீதம் தவறினால் சுருதி சுமார் 17 சென்ட் (ஒரு ஃபிரெட் என்பது 100 சென்ட்) நகரும், 6 சதவீதம் தவறினால் ஏறக்குறைய ஒரு ஃபிரெட். எல்லாப் பாட்டும் ஒரே அளவு விலகியிருந்தால் பழி உங்கள் டெக்கின் மீதோ பிரதி எடுத்த டெக்கின் மீதோதான். பாட்டுக்குப் பாட்டு விலகல் மாறினால், டியூனர் இல்லாமல் காதால் சேர்த்துக்கொண்ட குழு அது.

இன்னும் உறுதியான சான்று மின்சார ரீங்காரம். பாட்டுகளுக்கு நடுவிலுள்ள அமைதியை, அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் பதிந்த நாடாவில் அந்தக் கோடு 51.5இல் நின்றால் நாடா 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. நாடாவை நிறுத்திய பிறகும் கோடு தெரிந்தால் அது உங்கள் கருவியின் ரீங்காரம், கணக்கில் எடுக்காதீர்கள்.

வேகம் சரியான பிறகு மிகத் தாழ்ந்த சுரத்தைத் தேடுங்கள். ஆறாம் தந்தியின் வழக்கமான சுரமான ஈ (E) என்பதற்குக் கீழே ஒலித்தால் அந்தத் தந்தி இறக்கப்பட்டிருக்கிறது. கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேப்போவால் அது நடக்காது. கார்டு மாறும்போதும் ஒரே சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அது திறந்த தந்தி. 1, 2, 6ஆம் தந்திகளை இரண்டு ஃபிரெட் அளவு இறக்கினால் டி-ஏ-டி-ஜி-ஏ-டி. 1960களில் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் பரப்பிய இந்த டியூனிங்கை முதலில் சோதியுங்கள். 1, 5, 6ஐ இறக்கினால் டி-ஜி-டி-ஜி-பி-டி. இரண்டு கிட்டாரும் இடம் வலமாகப் பிரிந்திருந்தால் ஒரு காதை மூடியே பாதி விடையைப் பிடித்துவிடலாம்.

கேள்வி: இரைச்சலை மென்பொருளால் நீக்கலாமா?

பதில்: மூலக் கோப்பைத் தொடாமல், பிரதியில் மட்டும், 3 முதல் 6 டெசிபெல்வரை. நீக்கப்பட்டதைத் தனியாகக் கேட்கும் வசதி இருக்கும். அதில் விரல் தந்தியில் உரசும் ஓசையோ பாடகர் மூச்சோ கேட்டால் அதிகமாகிவிட்டது. அக்கூஸ்டிக் ஆல்பத்தில் அவை இல்லாத 'சுத்தம்' எங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: ரசிகர்கள் சிலர் சேர்ந்து, எங்களிடமுள்ள பிரதிகளிலிருந்து ஒரு நல்ல பதிவு உருவாக்கிப் பொதுவில் ஏற்றலாமா?

பதில்: உருவாக்கலாம். ஒவ்வொருவரும் மேலே சொன்ன முறையில் எடுத்து, பக்கம் பக்கமாக ஒப்பிட்டுச் சிறந்ததை அடிப்படையாக வையுங்கள். ஒலி அறுந்த இடத்துக்கு மட்டும் மற்றொரு பிரதியிலிருந்து சிறு துண்டு ஒட்டுங்கள். இரண்டு டெக்குகள் நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓடாது என்பதால் சில நொடிகளுக்கு மேல் துண்டு பொருந்தாது. அட்டையின் இரு பக்கங்களையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, வாசித்தவர் பெயர், பதிவு செய்தவர் பெயர், பாட்டு நீளம் ஆகியவற்றைக் கோப்போடு சேருங்கள்.

பொதுவில் ஏற்ற அனுமதி வேண்டும். பாட்டுக்கு ஓர் உரிமை, பதிவுக்கு வேறோர் உரிமை; இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். குழு கலைந்துவிட்டாலும் உரிமை கலைவதில்லை. அட்டையிலுள்ள பெயர்களிலிருந்து தேடத் தொடங்குங்கள். மறந்துபோன ஆல்பமும் திரும்பி வரலாம்: பிரிட்டிஷ் நாட்டுப்புறப் பாடகி வாஷ்டி பன்யன் 1970இல் வெளியிட்ட ஆல்பம் அன்று விலைபோகவில்லை. 2000இல் சிடியாக வந்த பிறகு, 2005இல் அவர் அடுத்த ஆல்பமே வெளியிட்டார். எழுதும் கடிதத்தில் உங்கள் பதிவின் ஒரு நிமிட மாதிரியை இணையுங்கள். மூல மாஸ்டர் நாடா அவர்களிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்; இருந்தால் உங்கள் கேசட் வேலை முழுவதும் தேவைப்படாது.