கணினிக் கேள்வி பதில்: கேபிள் இருக்க வைஃபை ஏன் முந்துகிறது?

கேள்வி: சுன்னாகத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொம்பியூட்டருக்குப் பைபர் ரவுட்டரில் இருந்து கேபிள் வருகிறது. அவசரத்துக்கு ஃபோன் ஹொட்ஸ்பொட்டும் இணைத்திருக்கிறேன். கேபிள் செருகியிருந்தும் ஃபோன் டேட்டாதான் கரைகிறது. ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) மூலம் கேபிளை முன்னுக்கு வைக்க முடியுமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: முடியும். ஆனால் முதலில் கேபிளைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டும் இணைப்பு வேகத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ‘மெட்ரிக்’ எண் கொடுக்கும். எண் குறைந்தது முந்தும். 1 கிகாபிட் கேபிளுக்கு 25. உள்ளே ஒரு கம்பி அறுந்தாலோ, முனைச் செருகி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலோ (நசுக்கிப் பொருத்தப்படாவிட்டாலோ) வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கி, எண் 35 ஆகிவிடலாம். ஹொட்ஸ்பொட் போல 500 மெகாபிட்டுக்கு மேல் இணையக்கூடிய வைஃபைக்கோ 30. உங்கள் டேட்டா கரைவது பெரும்பாலும் இதனால்தான்.

எண்ணை நாமே வைக்க, விண்டோஸில் கட்டளை அடிக்கும் சாளரமான பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறவுங்கள். கீழுள்ளவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ‘கெட்-நெட்ஐபிஇன்டர்ஃபேஸ்’ என்றால் பெயர்களும் எண்களும் வரும். பிறகு:

செட்-நெட்ஐபிஇன்டர்ஃபேஸ் -இன்டர்ஃபேஸ்அலியாஸ் "ஈதர்நெட்" -இன்டர்ஃபேஸ்மெட்ரிக் 10

வைஃபைக்கு இதேபோல 50. பழையபடி மாற்ற, ‘-இன்டர்ஃபேஸ்மெட்ரிக் 10’ என்ற முழுப் பகுதிக்கும் பதிலாக ‘-ஓட்டோமெட்டிக்மெட்ரிக் எனேபிள்ட்’ போடுங்கள். கேபிளை யூஎஸ்பி அடாப்டர் வழியாக இணைத்திருந்தால், அதை வேறு துளையில் செருகும்போது பெயர் ‘ஈதர்நெட் 2’ ஆகலாம். அப்போது கட்டளை பிழை காட்டும்.

கரண்ட் நின்று ரவுட்டர் அணைந்தால் கொம்பியூட்டர் தானாக வைஃபைக்குப் போய்விடும். சிக்கல், ரவுட்டர் யூபிஎஸ்ஸில் எரிந்துகொண்டிருக்க வெளியே பைபர் அறுந்தால்தான். கேபிள் உயிரோடு இருப்பதாக விண்டோஸ் நினைத்து அதையே பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குத்தான் ஸ்கிரிப்ட் உண்மையில் தேவை: இணைப்பைச் சோதிக்கும் ‘பிங்’ கட்டளையில் ‘-எஸ்’ (பெரிய எழுத்து எஸ்) உடன் கேபிள் இணைப்பின் ஐபி முகவரியைக் கொடுத்து, கூகுளின் சேவையகமான 8.8.8.8ஐச் சோதித்து, பதில் இல்லையென்றால் கேபிளின் மெட்ரிக்கை 90 ஆக்கவும், பதில் திரும்பினால் 10 ஆக்கவும் எழுதுங்கள். அந்த ஐபியை ரவுட்டரில் நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள். பிங்கின் வெற்றிக் குறியை மட்டும் நம்ப வேண்டாம். ‘சென்றடைய முடியவில்லை’ என்று ரவுட்டர் சொல்வதையும் அது பதிலாகவே எண்ணும். வெளியீட்டில் ‘டிடிஎல்=’ இருக்கிறதா என்று தேடுங்கள்.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரில் நிமிடத்துக்கொரு தடவை, ‘உயர்ந்த உரிமை’ தெரிவோடு, பவர்ஷெல்லுக்கு ‘-எக்ஸிகியூஷன்பொலிசி பைபாஸ்’ கொடுத்து ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கிரிப்டை விண்டோஸ் தடுத்துவிடும்.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் கேபிளை முந்த வைப்பது எப்படி?
– மாணவி, பருத்தித்துறை

பதில்: உபுண்டுவின் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வேர்க்மனேஜரில் மெட்ரிக் எண் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்றே இருக்கும், கேபிள் தானாக முந்தும். மாற்ற வேண்டுமானால் ‘என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மொடிஃபை’, இணைப்பின் பெயர், ‘ஐபிவி4.ரூட்-மெட்ரிக் 50’. பிறகு ‘என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் அப்’ உடன் அதே பெயரைக் கொடுத்தால்தான் மாற்றம் ஏறும்.