33550336: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகளின் புதிர்ப் புத்தகத்தில் 33550336 என்ற எண்ணைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. நிறைவெண், முக்கோண எண், அறுகோண எண், ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினால் வருவது. இலக்கங்களைக் கூட்டினால் 28, அதுவும் நிறைவெண்! ஒரே எண்ணுக்கு இத்தனை சிறப்பு எப்படி? இதில் எது முக்கியம், எது வேடிக்கை?

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியலில் தவறில்லை. ஆனால் கடைசியைத் தவிர மற்றவை தனித்தனிச் சிறப்புகள் இல்லை. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: 33550336 = 4096 × 8191. முதலாவது 2-இன் 12ஆம் அடுக்கு. இரண்டாவது 2-இன் 13ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, பகா எண்.

நிறைவெண் என்றால், தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் திரும்பி வர வேண்டும். 1, 2, 4 என்று 4096 வரை கூட்டுங்கள்: 8191. மிச்ச வகுத்திகள் 8191-இன் 1, 2, 4 ... 2048 மடங்குகள், அவற்றின் கூட்டுத்தொகை 8191 × 4095. இரண்டையும் சேர்த்தால் 8191 × 4096. அவ்வளவுதான். 8191 பகா எண்ணாக இல்லாவிட்டால் வேறு வகுத்திகள் நுழைந்து கணக்கைக் கெடுத்துவிடும். 2-இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைத்த 2047 இப்படித்தான் கெட்டது: 23 × 89. இந்த வழியைப் பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எப்போதோ நிரூபித்துவிட்டார்.

முக்கோண எண்ணா? 1, 2, 3 என்று வரிசையாகக் கூட்டினால் வருவதுதான் அது. 1 முதல் 8191 வரை கூட்டினால் 8191 × 8192-இல் பாதி, அதாவது மறுபடியும் இதே எண். ஒற்றைப்படை இடத்தில் (1ஆவது, 3ஆவது, 5ஆவது என்று) வரும் முக்கோண எண் எதுவும் அறுகோண எண்தான் (புள்ளிகளை அறுகோண வடிவில் அடுக்கினால் வரும் எண்), அதைத் தனியாக எழுதியது இடத்தை நிரப்பத்தான். 1 முதல் 127 வரையுள்ள 64 ஒற்றை எண்களின் கனங்களும் இதே பெருக்கலில்தான் வந்து நிற்கும்.

முக்கியம் எது என்றால், எனக்கு அதன் இடம்தான் முக்கியம். இது ஐந்தாவது நிறைவெண். இதற்கு முன் 6, 28, 496, 8128. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு இலக்கம். கடைசி இலக்கம் 6, 8, 6, 8. இதைப் பார்த்து, சுமார் கி.பி. 100இல் கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸ் ஒவ்வொரு இலக்க அளவிலும் ஒரு நிறைவெண் உண்டு, கடைசி இலக்கம் மாறி மாறி வரும் என்று எழுதினார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஐந்தாவது எட்டு இலக்கத்தில் போய் நின்றது. ஆறாவதான 8589869056-உம் 6-இல் முடிந்து இரண்டாவது ஊகத்தையும் உடைத்தது.

அப்புறம் அந்த 28. பத்தடிமான முறையில் எழுதுவதால்தான் இந்தக் கூட்டுத்தொகையே வருகிறது. இரும முறையில் எழுதினால் பதின்மூன்று 1, பன்னிரண்டு 0; கூட்டினால் 13தான். அதிலும் 6-ஐத் தவிர மற்ற இரட்டை நிறைவெண்கள் எல்லாம் 9-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை. ஆகவே இலக்கக் கூட்டுத்தொகை 10, 19, 28, 37 என்ற வரிசையில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 28 விழுந்ததில் பெரிய ஆச்சரியம் ஏதுமில்லை. மகள் ரசித்தால் ரசிக்கட்டும், நான் அதைப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.