கேளுங்கோ, சொல்லுறம்: ஐஸ் ஹொக்கி ஆடிச் சீவிக்கேலுமோ?

சுமதி, வெள்ளவத்தை: என்ர பெறாமகனுக்கு 15 வயசு, ரொறன்ரோவில இருக்கிறான். ஐஸ் ஹொக்கிதான் இனி தொழில், படிப்பு வேண்டாம் எண்டு நிக்கிறானாம். அக்கா ஒவ்வொரு நாளும் போனில அழுறா. இதில போய் ஒருத்தன் சீவிக்கேலுமோ?

பதில்: சுமதி, படிப்போ ஹொக்கியோ எண்டு அக்கா அடிபடவே தேவையில்ல, அங்க முன்னுக்கு வாற பெடியள் ரெண்டையும் சேர்த்துத்தான் செய்யினம். ஒன்ராறியோவில 16இல இருந்து 20 வயசு வரைக்கும் ஜூனியர் லீக் இருக்கு, வேற ஊர் டீம் எடுத்தா அந்த ஊர்க் குடும்பம் ஒண்டோட தங்கி, காலமை பள்ளிக்கூடம், பிறகு பயிற்சி, வார இறுதியில பஸ் ஏறி மட்ச். ஆடின சீசனுக்கு ஏத்த மாதிரி பிறகு யூனிவர்சிட்டிச் செலவுக்கும் காசு கிடைக்கும், என்ன நிபந்தனை எண்டதை கையெழுத்து வைக்கமுந்தி வடிவா வாசிக்கவேணும். முந்தி இந்த லீக்ல ஆடினவையை அமெரிக்க யூனிவர்சிட்டி டீமுகள் சேர்க்கிறேல்ல, 2025இல இருந்து அந்தத் தடையும் போயிட்டுது.

இனி கணக்கைப் பாருங்கோ. என்.எச்.எல். எண்ட வட அமெரிக்காவின்ர மேல் லீக்ல 32 டீம், டீமுக்கு 23 பேர், மொத்தம் 736 இடம். கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா எண்டு எல்லாருக்கும் இவ்வளவும்தான். 18 வயசில டிராஃப்ட், அதாவது டீமுகள் முறை வைச்சுப் புதுப் பெடியளைத் தெரிவுசெய்யிறது, 7 சுற்று, வருசத்துக்கு 224 பேர், பேர் வாசிக்கேக்க தாய் தகப்பன் கட்டிப்பிடிச்சு அழுறதை டீவில காட்டுவினம், அந்த 224இல கனபேர் என்.எச்.எல்.இல ஒரு மட்ச்கூட ஆடாமலே போறதை ஆர் காட்டுறது? ஏ.எச்.எல். எண்ட கீழ் லீக்ல வருசக்கணக்கா நிண்டு, மேல ஆருக்கும் காயம் வந்தா கூப்பிடுவினம் எண்டு காத்திருக்கிறதுதான் கனபேரின்ர சீவியம். என்.எச்.எல்.இல 2025-26 சீசனுக்குக் குறைஞ்ச சம்பளமே 775,000 அமெரிக்க டொலர், அதைக் கேட்டுத்தான் பெடியனும் துள்ளுறான்போல, ஆனா இளம் ஆக்களின்ர கொன்ட்ராக்ட் கனக்க ரெண்டு விலை கொன்ட்ராக்ட், கீழ அனுப்பினா சம்பளமும் கீழ போயிடும். வரியும் ஏஜென்டும் வேற.

அதுக்காக முடிஞ்சுது எண்டும் இல்ல. மார்ட்டின் செயின்ட் லூயி எண்டவர் கட்டை ஆள், டிராஃப்டில ஒருத்தரும் எடுக்கேல்ல, 2004இல என்.எச்.எல். கப்பான ஸ்டான்லி கப்பும் வெண்டு அந்த சீசன்ர சிறந்த ஆட்டக்காரர் எண்ட விருதும் எடுத்தார். சுவீடன், சுவிஸ், ஜெர்மனி லீக்குகளிலயும் சம்பளத்துக்கு ஆடலாம். என்ர எண்ணம், 12ஆம் வகுப்பை முடிக்கிறன் எண்டு அவன் வாக்குத் தந்தா விடச் சொல்லுங்கோ, தராட்டி ஸ்கேட்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கோ.

ரமேஷ், கொட்டாஞ்சேனை: எங்கட பக்கத்து ஆக்கள் ஆரும் அந்த லீக்ல ஆடியிருக்கினமோ?

பதில்: இந்திய வழியில முதல் ஆள் ரொபின் பாவா, 1989இல வாஷிங்டனுக்கு ஆடினவர். பிறகு மனி மல்ஹோத்ரா, 1998 டிராஃப்டில ஏழாவது ஆளா நியூயோர்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. 2011இல வான்கூவருக்கு ஆடேக்க பக் எண்ட ரப்பர் வட்டு வந்து கண்ணில பட்டு ஒபரேஷன் செய்து, அதே வருசம் ஃபைனலுக்கு முழு முகக் கவசத்தோட திரும்பி வந்தார் மனுசன். 2013இல இருந்து லீக்குக்குப் புதுசா வாறவை எல்லாரும் கண்ணுக்கு முன்னால கவசம் போடத்தான் வேணும் எண்டு சட்டமும் வந்திட்டுது. இப்ப அவர் கோச், 2025இல அபொட்ஸ்ஃபோர்ட் டீமுக்கு ஏ.எச்.எல். கப் வெண்டு குடுத்தவர். சுமதி, இதையும் அக்காட்ட சொல்லுங்கோ, காலும் கண்ணும் விட்டாலும் விளையாட்டைத் தெரிஞ்சவனுக்கு வேலை இருக்கு.

"கோல்கீப்பர்", தெஹிவளை: எனக்கு 41 வயசு. இனி ஏலாதோ?

பதில்: ஏன் ஏலாது, டேவிட் ஏயர்ஸுக்கு 42. ரொறன்ரோவில ஐஸ் துடைக்கிற மெஷின் ஓட்டினவர், தாய் குடுத்த சிறுநீரகத்தோட சீவிக்கிறவர். 2020 பெப்ரவரி 22, என்.எச்.எல். மட்ச் ஒண்டில கரோலினா டீமின்ர ரெண்டு கோல்கீப்பரும் காயப்பட, அவசரத்துக்கு எண்டு வைச்சிருந்த இவரை இறக்கிச்சினம். வந்த முதல் ரெண்டு பக்கும் உள்ள போச்சு, பிறகு ஒண்டும் போகேல்ல, 6-3 எண்டு வெற்றி, தோத்தது அவர் வழமையா பயிற்சிக்கு நிக்கிற ரொறன்ரோ டீம்தான்! நீங்கள் முதல்ல ஐஸில விழாம நிக்கப் பழகிப்போட்டு எழுதுங்கோ.